விலையில்லா நுழைவுச்சீட்டு

லிஸ்பன் நகரில் ஸ்போர்ட்டிங் அணியின் அல்வலாடே ஸ்டேடியம் 2003-இல் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த தோமாஸ் தவெய்ரா, இருக்கைகளை வரிசைக்கு ஒரு நிறமாக அடுக்கவில்லை. பல நிறங்களையும் ஒழுங்கில்லாமல் கலைத்துப் பதித்திருந்தார். யூரோ 2004 போட்டிக்காக அவர் வடிவமைத்த அவெய்ரோ ஸ்டேடியத்திலும் இதே கலவைதான். தொலைக்காட்சிக் கேமரா தூரத்திலிருந்து காட்டும்போது, காலி இருக்கைகள் வண்ணச் சட்டை போட்ட கூட்டம்போலத் தெரியும். சோளக்கொல்லைப் பொம்மை ஆள் இருப்பதாகக் காட்டிப் பறவையை விரட்டும். இந்த இருக்கைகள் ஆள் இருப்பதாகக் காட்டி ஆளை அழைக்கின்றன.

காலி இருக்கையை மறைக்க இவ்வளவு மெனக்கெடுவானேன்? காரணம், கூட்டம் வெறுமனே ஆட்டத்தைப் பார்ப்பதோடு நிற்பதில்லை, ஆட்டத்தின் ஒரு பாதியைத் தானே செய்கிறது. காலித் திரையரங்கில் பார்த்தாலும் படம் அதே படம்தான். கால்பந்து அப்படியில்லை. கொரோனா காலத்தில், 2020 மே 16 அன்று ஜெர்மனியின் பன்டஸ்லிகா ஆளில்லாத ஸ்டேடியங்களில் மீண்டும் தொடங்கியது. ஜெர்மானியர்கள் அவற்றைப் ‘பேய் ஆட்டங்கள்’ என்றார்கள். ஆராய்ச்சியாளர்களுக்கு அது தானாக அமைந்த ஒரு சோதனைக்கூடம். ஆடுகளம், அணிகள், விதிகள் எல்லாம் பழையபடி இருக்க, கூட்டம் மட்டும் இல்லாமல்போயிருந்தது. சொந்த மண்ணில் ஆடும் அணிக்கு வழக்கமாக இருக்கும் சாதகம் சுருங்கியது. வெளியூர் அணிக்கு நடுவர்கள் கூடுதலாகக் காட்டிவந்த அட்டைகளும் குறைந்தன.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆட்டம் தொடங்கும் விசில் ஊதியதும், விற்காத டிக்கெட் செல்லாக்காசாகிவிடும். போன பஸ்ஸின் காலி சீட்டை நாளைக்கு விற்க முடியாது. ஏற்கெனவே விளக்கு எரிகிறது, காவலர்கள் நிற்கிறார்கள். கூடுதலாக ஒருவர் உள்ளே வந்து உட்காருவதால் கால்பந்துக் கழகத்துக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். அப்படியென்றால் மிச்சமிருக்கும் இடங்களைச் சும்மா கொடுத்துவிட்டால் என்ன? கேட்பதற்கு எளிய யோசனை. அதைச் செய்து பார்த்தவர்களின் அனுபவம் அவ்வளவு எளிதாக இல்லை.

பாதி நிறைந்த ஸ்டேடியம்

ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் ஃபோர்ட்டூனா என்றொரு அணி. 1933-இல் தேசிய சாம்பியன். 1979, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஜெர்மன் கோப்பை. 1979-இல் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையின் இறுதியாட்டத்தில் பார்சலோனாவிடம் கூடுதல் நேரத்தில் 3-4 என்று தோற்றது. அதன் பிறகு நீண்ட சரிவு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நான்காம் நிலை லீக்வரை இறங்கியது. அதே காலத்தில்தான் நகரம் பழைய ரைன் ஸ்டேடியத்தை இடித்துவிட்டு, 50,000 பேருக்கு மேல் கொள்ளும் புதிய அரங்கத்தை எழுப்பியது. 2006 உலகக்கோப்பை ஆட்டங்கள் கிடைக்கும் என்ற நம்பிக்கை பொய்த்தது. மாளிகை தயாரானபோது குடியிருக்க வேண்டியவர் கடனாளியாகியிருந்தார்.

பிற்பாடு அணி மேலே வந்தது, இரண்டு முறை முதல் நிலை லீக்கையும் தொட்டுவிட்டுத் திரும்பியது. ஆனால் அரங்கம் நிறையவில்லை. சுற்றிலும் போட்டி அணிகள்: டார்ட்மண்ட், ஷால்க்க, கொலோன், மொன்ஷன்கிளாட்பாக், லெவர்குசன். எல்லாம் ரயிலேறினால் ஒரு மணி நேரத் தூரம். 2022-23 பருவத்தில் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய ஃபோர்ட்டூனாவுக்கு ஆட்டத்துக்குச் சராசரியாக 30,000-க்குச் சற்றுக் குறைவான கூட்டம்தான் வந்தது.

2023 ஏப்ரலில் கழகத் தலைவர் அலெக்சாண்டர் யோப்ஸ்ட் ஒரு திட்டத்தை அறிவித்தார். ‘எல்லாருக்கும் ஃபோர்ட்டூனா’ என்பது அதன் பெயர். படிப்படியாக, சொந்த மண்ணில் நடக்கும் லீக் ஆட்டங்கள் அனைத்துக்கும் அனுமதி இலவசம் என்பது இலக்கு. சோதனையாக 2023-24 பருவத்தில் மூன்று ஆட்டங்கள். பணத்துக்கு வழி, விளம்பரப் பங்காளிகள். ஹ்யூலெட் பேக்கார்ட் என்டர்பிரைஸ் என்ற கணினி நிறுவனம், ஒரு காப்பீட்டு நிறுவனம், ஒரு வங்கி ஆகியவை சேர்ந்தன. ஐந்தாண்டுகளுக்கு மொத்தம் 45 மில்லியன் யூரோ எதிர்பார்க்கப்பட்டது.

இந்த எண்ணைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். அதுவரை டிக்கெட் விற்பனையில் கழகத்துக்கு ஆண்டுக்கு 7 முதல் 8 மில்லியன் யூரோ கிடைத்துவந்தது. 17 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு 30,000-க்குச் சற்றுக் குறைவான ஆட்கள் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் வருகை. ஒரு தலைக்குச் சுமார் 15 யூரோ. புதிய திட்டத்தில் ஆண்டுக்கு 9 மில்லியன். ஆக, ரசிகரின் சட்டைப்பையிலிருந்து வந்துகொண்டிருந்த தொகையை வேறொருவர் கூடுதலாகவே போட்டுக் கொடுக்கிறார். பதிலுக்கு அவருக்குக் கிடைப்பது நிறைந்த அரங்கம், அதைப் பற்றி உலகம் முழுக்க எழுதப்படும் செய்தி, முன்பதிவு செய்பவர்களோடு நேரடித் தொடர்பு. டிக்கெட்டின் விலை மறைந்துவிடவில்லை; கைமாறியிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையான பழைய கதை இருக்கிறது. 1980-களின் இறுதியில் ஃபோர்ட்டூனா பணமுடையில் இருந்தபோது, அந்த ஊரின் பங்க் இசைக்குழுவான ‘டி டோட்டன் ஹோசன்’ தன் கச்சேரி டிக்கெட் ஒவ்வொன்றிலும் ஒரு மார்க் சேர்த்து வசூலித்தது. அப்படிச் சேர்ந்த பணம் அந்தோணி பாஃபோ என்ற வீரரை வாங்க உதவியது. அன்று பாட்டுக் கேட்க வந்தவர்களின் டிக்கெட் கால்பந்து வீரரை வாங்கும் பணமானது. இன்று கணினி விற்பவர்களின் பணம் கால்பந்து பார்ப்பவர்களுக்கு டிக்கெட்டாகிறது. நுழைவுச்சீட்டுக்கு யார் காசு கொடுக்க வேண்டும் என்பதில் இயற்கை விதி எதுவும் இல்லை. பண்டைய ஏதென்ஸ் நாடகங்களுக்கான நுழைவுக் கட்டணத்தை ஒழிக்காமல், அதைக் கட்டுவதற்கான பணத்தை ‘தியோரிகோன்’ என்ற பொதுநிதியிலிருந்து குடிமக்களுக்குக் கொடுத்தது.

முதல் இலவச ஆட்டம் 2023 அக்டோபர் 21 அன்று, கைசர்ஸ்லாட்டர்ன் அணியோடு. டிக்கெட் கேட்டு விண்ணப்பித்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். குலுக்கலில்தான் கொடுக்க முடிந்தது. அரங்கம் நிறைந்தது. ஃபோர்ட்டூனா 0-3 என்று பின்தங்கி, பிறகு 4-3 என்று வென்றது. திரைக்கதை எழுதுபவர்கூட இவ்வளவு துணிய மாட்டார். அன்று முதன்முறையாக உள்ளே வந்த சிறுவன் ஒருவன் இனி வாழ்நாளெல்லாம் கால்பந்தில் இதையே எதிர்பார்ப்பான்; பெரும்பாலான சனிக்கிழமைகளில் ஏமாறவும் செய்வான்.

சும்மா கிடைத்தால்

விலை பூஜ்யம் என்பது குறைந்த விலையின் கடைசிப் படி அன்று. அது வேறொரு வீடு. டான் ஏரியலி, கிறிஸ்டினா ஷாம்பானியர், நீனா மசார் மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சாக்லேட் கடை வைத்தார்கள். உயர்தர ட்ரஃபிள் 15 சென்ட், சாதாரண சாக்லேட் 1 சென்ட். வாங்கியவர்களில் 73 சதவீதம் பேர் ட்ரஃபிளை எடுத்தார்கள். பிறகு இரண்டின் விலையிலும் ஒரே ஒரு சென்ட் குறைத்தார்கள். ட்ரஃபிள் 14, சாதாரணம் இலவசம். விலை வித்தியாசம் அதேதான். ஆனால் இப்போது 69 சதவீதம் பேர் இலவசத்தின் பக்கம் சாய்ந்தார்கள். ஓசி என்றால் பினாயிலையும் குடிப்பான் என்று நம் தெருவில் கிண்டலாகச் சொல்வதை, அவர்கள் எண்ணிக்கையாக எழுதினார்கள்.

ஆனால் வாங்குவது வேறு, வருவது வேறு. 1985-இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதைத் தொடுகிறது. ஓஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவச்சீட்டு வாங்க வரிசையில் நின்றவர்களுக்குத் தற்செயல் முறையில் மூன்று விலைகளில் சீட்டு கொடுத்தார்கள்: சிலருக்கு முழு விலை 15 டாலர், சிலருக்கு 13, சிலருக்கு 8. எல்லாருமே முழு விலை கொடுக்கத் தயாராக வந்தவர்கள்தான். பருவத்தின் முதல் பாதியில், முழுப் பணம் கட்டியவர்கள் மற்றவர்களைவிட அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். கொடுத்த காசு அவர்களை வீட்டிலிருந்து கிளப்பியது. பிற்பாதியில் அந்த வேறுபாடு மங்கிவிட்டது. காசின் உறுத்தல் சில மாதங்களுக்கு மேல் தாங்குவதில்லை.

அப்படியானால் இலவசமாக வந்ததை மனிதர்கள் மதிக்கவே மாட்டார்களா? கென்யாவில் ஜெசிகா கோஹன், பாஸ்கலின் துபா இருவரும் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு எதிர்ப்பக்கத்தைக் காட்டுகிறது. கர்ப்பிணிகளுக்கான மருத்துவ நிலையங்களில் மருந்து தோய்த்த கொசுவலையைச் சில இடங்களில் இலவசமாகவும், சில இடங்களில் சிறு விலைக்கும் கொடுத்தார்கள். விலை வைத்ததும் வாங்குவோர் எண்ணிக்கை சரிந்தது. ஆனால் இலவசமாகப் பெற்றவர்கள், காசு கொடுத்து வாங்கியவர்களைவிடக் குறைவாகப் பயன்படுத்தவில்லை.

நாடகச்சீட்டும் கொசுவலையும் ஏன் வெவ்வேறு பதில் சொல்கின்றன? கொசுவலையின் தேவை ஒவ்வோர் இரவும் காதருகே ரீங்கரிக்கிறது. மேலும் அதைப் பெற அந்தப் பெண்கள் மருத்துவ நிலையம்வரை வர வேண்டியிருந்தது. காசு கொடுக்கவில்லை, ஒரு நாளைக் கொடுத்தார்கள். டிக்கெட்டுக்கும் இதே பாடம்தான். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் கட்டுக்கட்டாக வாரியிறைக்கும் பாஸ், யாரும் கேட்காமல் வந்தது. மழை தூறினால் அது மேசை இழுப்பறையிலேயே கிடக்கும். அதையே செயலியில் பதிவு செய்து, குலுக்கலுக்குக் காத்திருந்து, பெயர் வந்ததும் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டவர் மழையிலும் வருவார். டுசல்டோர்ஃபின் கெட்டிக்காரத்தனம் விலையை எடுத்ததில் மட்டும் இல்லை. விலையை எடுத்த இடத்தில் காத்திருப்பை வைத்ததிலும் இருக்கிறது.

ஏணியாக ஒரு இலவசம்

2023 நவம்பரில் பாரிசிலும் ஒரு கழகம் கதவைத் திறந்துவிட்டது. பாரிஸ் எஃப்சி அப்போது பிரான்சின் இரண்டாம் நிலை லீக்கில், ஷார்லெட்டி ஸ்டேடியத்தில் ஆடிக்கொண்டிருந்தது. சுமார் 20,000 பேர் அமரலாம், பெரும்பகுதி காலி. அதே ஊரில் மெஸ்ஸியும் எம்பாப்பேயும் ஆடிய பிஎஸ்ஜி இருக்கும்போது, இரண்டாம் நிலை ஆட்டத்துக்குப் பத்துப் பதினைந்து யூரோ கொடுத்து வருபவர் எத்தனை பேர்? சொந்த ஊர் ரசிகர்களுக்கு லீக் ஆட்டங்கள் இலவசம் என்று அறிவித்தார்கள். விருந்தினர் இருக்கைகளுக்கு மட்டும் கட்டணம் தொடர்ந்தது.

ஓராண்டு கழித்து, 2024 இறுதியில், லூயி வீட்டான் குழுமத்தை ஆளும் ஆர்னோ குடும்பம் அந்தக் கழகத்தின் பெரும்பங்கை வாங்கியது; ரெட் புல் சிறு பங்குதாரராகச் சேர்ந்தது. 2025-இல் அணி முதல் நிலைக்கு ஏறியது. பிஎஸ்ஜியின் ஸ்டேடியத்துக்கு எதிரே இருக்கும் ஜான் புவான் அரங்குக்கு இடம் மாறியது. அத்தோடு ஆண்கள் அணியின் ஆட்டத்துக்குப் பழையபடி டிக்கெட் விற்கத் தொடங்கிவிட்டார்கள்.

இதைத் துரோகம் என்று சொல்லத் தேவையில்லை. பாரிசில் இலவசம் ஒரு ஏணி. ஏறியதும் எடுத்து ஓரமாக வைத்தார்கள். டுசல்டோர்ஃபில் இலவசம் போய்ச்சேர வேண்டிய ஊர். பெயர் ஒன்றுதான் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. ஒரு கழகம் இலவசம் என்று அறிவிக்கும்போது ரசிகர் முதலில் கேட்க வேண்டியது, இது எந்த வகை என்பதைத்தான்.

பூஜ்யத்துக்கும் முழு விலைக்கும் நடுவே மூன்றாவது ஒரு வழியும் இருக்கிறது. இங்கிலாந்தின் பிராட்ஃபர்ட் சிட்டி 2007-இல் நான்காம் நிலைக்கு விழுந்தது. எட்டாண்டுகளுக்கு முன்பு பிரீமியர் லீக்குக்கு உயர்ந்த அணி. 25,000 பேர் கொள்ளும் வேலி பரேட் ஸ்டேடியம். கழகம் பருவச்சீட்டை 138 பவுண்டுக்குக் கொடுத்தது. 23 ஆட்டங்கள், வகுத்தால் ஆட்டத்துக்குச் சரியாக 6 பவுண்டு. 12,000 பேருக்கு மேல் வாங்கினார்கள். அந்த லீக்கில் பல கழகங்கள் 4,000 பேரைக் கூட்டவே திணறிக்கொண்டிருந்த காலம் அது. முன்கூட்டியே கட்டிய பணம் என்பதால் சீட்டு வாங்கியவர் தை மாதக் குளிரிலும் தன் ஊர் அணியை விட்டுக்கொடுக்க மாட்டார் என்பது கணக்கு. கூட்டம் வந்தது. ஆனால் அணி நான்காம் நிலையைத் தாண்ட 2013 வரை ஆனது. நிறைந்த இருக்கைகள் கோல் போடுவதில்லை என்பதையும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?

இலவச டிக்கெட் ஏழைகளுக்கானது என்று எண்ணினால் ஏமாறுவோம். குலுக்கலுக்கு வறுமை தெரியாது. பணக்கார வழக்கறிஞரும் வேலை தேடும் இளைஞரும் ஒரே பெட்டியில் சீட்டுப் போடுகிறார்கள். செயலி இல்லாத முதியவர் வெளியே நிற்கிறார். இல்லாதவர்களுக்கு உதவுவது நோக்கம் என்றால் சலுகை விலையே நேரான வழி. இலவச நாளில் கிடைப்பது வேறு: கூட்டத்தின் முகம் மாறுகிறது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு ஆட்டம் என்பது டிக்கெட்டுக்கே 60 யூரோ என்றிருந்த இடத்தில், குழந்தைகளைக் கூட்டிவருவது யோசிக்கத்தக்க காரியமாகிறது.

இதைவிட ஆழமான கேள்வி ஒன்று உண்டு. தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இலவசம் வாயை அடைக்கும் என்பதை அந்தப் பழமொழி மரியாதையாகச் சொல்கிறது. காசு கொடுத்தவர் அப்படியில்லை. 2016 பிப்ரவரி 6 அன்று லிவர்பூல் ஸ்டேடியத்தில் சண்டர்லாந்துடனான ஆட்டத்தின் 77-ஆம் நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியே போனார்கள். புதிய பார்வையாளர் மாடத்தில் மிக உயர்ந்த டிக்கெட் விலை 77 பவுண்டு என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்கான பதில் அது. அப்போது 2-0 என்று முன்னிலையில் இருந்த லிவர்பூல், ஆட்டத்தை 2-2 என்று முடித்தது. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, விலையேற்றத்தைக் கைவிட்டார்கள். எழுந்து போவது அங்கே ஆயுதமாக இருந்ததற்குக் காரணம், நாளை அவர்கள் காசோடு வராமல் இருக்க முடியும் என்பதே. ஓசியில் வந்தவர் 77-ஆம் நிமிடத்தில் எழுந்து போனால், குலுக்கலில் அடுத்த பெயரை எடுத்துவிடலாம்.

இந்த இடத்தில்தான் ஜெர்மனி வேறுபடுகிறது. அங்கே 1998 முதல் ‘50+1’ என்றொரு விதி நடைமுறையில் இருக்கிறது. ஒருசில விலக்குகள் தவிர, கழகத்தின் வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும். முதலீட்டாளர் எவ்வளவு பணம் போட்டாலும் பாதிக்கு மேல் வாக்கு பெற முடியாது. 2023-24 பருவத்தில் லீக்கின் வணிக உரிமைகளில் ஒரு பகுதியை முதலீட்டாளருக்கு விற்கும் திட்டத்தை எதிர்த்து ரசிகர்கள் ஸ்டேடியம் ஸ்டேடியமாக டென்னிஸ் பந்துகளைக் களத்தில் வீசி ஆட்டங்களை நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரியில் லீக் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அந்த ரசிகரின் குரல் அன்றைய டிக்கெட்டோடு முடிந்துவிடுவதில்லை. ஆண்டுச் சந்தா கட்டி வாங்கிய உறுப்பினர் அட்டையிலிருந்து அது வருகிறது.

எனவே ஃபோர்ட்டூனாவால் டிக்கெட்டைச் சும்மா கொடுக்க முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் காசு கொடுத்து வாங்கிய இன்னொரு அட்டை இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விளம்பரப் பங்காளி நாளை விலகிக்கொள்ளலாம். 45 மில்லியனுக்கு ஐந்தாண்டு என்ற எல்லை உண்டு. அப்போது பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று அடுத்து என்ன என்று கேட்க ஒருவர் இருப்பார். பாரிசில் விலை திரும்பியபோது அப்படிக் கேட்பதற்கு ரசிகருக்கு நாற்காலி எதுவும் போடப்பட்டிருக்கவில்லை. உரிமையாளர் கொடுத்தார், உரிமையாளர் நிறுத்தினார்.

2023-24 பருவத்தை ஃபோர்ட்டூனா மூன்றாவது இடத்தில் முடித்தது. முதல் நிலைக்கு ஏறுவதற்கான தகுதிச் சுற்றில் போஹும் நகர அணியை அதன் மண்ணிலேயே 3-0 என்று வீழ்த்தியது. நான்கு நாள் கழித்து, மே 27 அன்று, நிறைந்த டுசல்டோர்ஃப் அரங்கில் 0-3 என்று அடிவாங்கி, பெனால்டியில் தோற்றது. அக்டோபரில் மூன்று கோல் பின்தங்கி மீண்ட அதே அரங்கம், மூன்று கோல் முன்னிலையைக் கைநழுவவிட்டது. அடுத்த பருவத்திலும் இரண்டாம் நிலைதான். ஆனாலும் இலவச ஆட்டங்களின் எண்ணிக்கை மூன்றிலிருந்து நான்காகக் கூடியது.

திட்டம் வென்றதா என்று அந்த நான்கு நாட்களைப் பார்த்துச் சொல்ல முடியாது. சும்மா கொடுத்தால் கூட்டம் வரும் என்பது தெரிந்த சங்கதி. டிக்கெட்டுக்குக் காசு வாங்கும் மற்ற நாட்களை, அதிலும் பெயர் தெரியாத எதிரணி வரும் மழை நாளைத்தான் எண்ண வேண்டும். அன்று சுழல்வாயிலைத் தள்ளிக்கொண்டு வருபவர்களில் எத்தனை பேர் முதன்முதலில் குலுக்கலில் வந்தவர்கள், அவர்களில் எத்தனை பேர் இப்போது உறுப்பினர் அட்டை வைத்திருக்கிறார்கள்: இந்த இரண்டு எண்களும் ஏறினால், விலையில்லாச் சீட்டு தன் விலையைச் சம்பாதித்துவிட்டது.